மனானா வீட்டு விறகு

"அம்மா, பேடிக்காண்டாம் கேட்டியா" என்றுதான் உமா போனில் பேச்சைத் தொடங்கினாள். பயப்படாதே என்று ஒரு பிள்ளை தொடங்கினால் பயப்பட வேண்டிய சமாச்சாரம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும்.

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிற எங்கள் ஒரே மகள் அவள். செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்கு வராமல், கூடப் படிக்கும் நீனோவின் மலையூர் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டு முற்றத்தில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சில வாரங்கள் காலை ஊன்றக் கூடாது, விமானம் ஏறவே கூடாது என்று உத்தரவு. அதனால் நீனோ வீட்டிலேயே படுத்திருக்கிறாள்.

என் கணவருக்கு அந்த வருஷம்தான் நெஞ்சில் ஆபரேஷன் நடந்திருந்தது. "குளிரு நாட்டுக்கு நான் போகப்படாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ போ. புள்ள அங்க ஒத்தைக்குக் கெடக்கா. கடையை நான் நோக்கிக்கிடுவேன்" என்றார். ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மிளகாய் வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம். பில் போடுவது நான். குளிர் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பொன்முடி மலையில் ஒரு மார்கழிக் காலை மட்டும்தான். சாலைக் கடையில் இருந்ததிலேயே கனமான ஸ்வெட்டரையும் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவையும் வாங்கிக்கொண்டு, பெட்டி நிறைய மல்லிப்பொடியும் வத்தலும் புளியும் ஏத்தங்காய் வறுவலான உப்பேரியும் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்தில் நீனோ காத்திருந்தாள். உயரமான, சிரித்த முகமுள்ள பெண். என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, உடனே போனை எடுத்து "மாமா, மாமா" என்று யாரிடமோ நான் வந்து சேர்ந்ததைச் சொன்னாள். மாமாமேல் எவ்வளவு பிரியமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் பாஷையில் மாமா என்றால் அப்பா. அப்பா போலந்தில் லாரி ஓட்டுகிறார். அம்மா மனானாதான் வீட்டையும் மாட்டையும் உமாவையும் பார்த்துக்கொள்கிறாள்.

மலைக்குப் போகும் வண்டி நம்மூர் டெம்போ டிராவலர் மாதிரி ஒன்று. எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டையைத் தாண்டும்போது பழவங்காடி கணபதியைப் பார்த்து நெஞ்சைத் தொட்டுக்கொள்கிற பஸ் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த டிரைவர் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நாட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தேவாலயம் இருக்கிறது. நான் என் பங்குக்குக் கணபதியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பாதி மலை ஏறியதும் சக்கரம் பனியில் சுழன்று வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள். டிரைவர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினார். நான் ஓரமாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் வந்த ஒரு பெண்மணி என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்து, ஏதோ செத்த வீட்டில் சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொன்னாள். பையிலிருந்து ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் உறைகள் இரண்டை எடுத்து, என்னைப் பாறையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, காலுறை மேல் அந்த உறைகளை மாட்டி, மறுபடி ஷூவைப் போட்டுவிட்டாள். கல்யாணம் ஆன நாளுக்குப் பிறகு என் காலை வேறொருவர் தொட்டு எதுவும் போட்டுவிட்டதில்லை. நன்றி சொல்ல வார்த்தை தெரியவில்லை. ஒரு பிடி உப்பேரியைக் கையில் வைத்தேன். அவள் தின்று பார்த்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

அந்த ஊரின் பெயரை என் நாக்கு இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. மரத்தூண்கள் வைத்த நீளமான வராந்தா, அதன் ஒரு கோடியில் பெரிய அறை, மறு கோடியில் சமையலறை. பெரிய அறைக் கதவைத் திறந்ததும் சுவரின் நடுவே கருங்கல்லில் கட்டிய ஒரு மாடம், அதற்குள் தீ. ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம், அவ்வளவு அகலம். அதற்கு எதிரே கட்டிலில் உமா.

"அம்மா, கரையாதே" என்றாள் அழப்போன என் முகத்தைப் பார்த்ததும். "நான் சூடா இருக்கேன்ல்லா, தொட்டுப் பாரு."

கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த அவளுடைய கால்விரல்களைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தன. வழி முழுக்க நான் பயந்துகொண்டு வந்தது அந்த விரல்களை நினைத்துத்தான். திரும்பிப் பார்த்தால், கதவருகில் என் வயதுக்காரி ஒருத்தி கையில் விறகோடு நின்றிருந்தாள். தலையில் முண்டாசுபோல் ஒரு துணி, ஆண்களின் பூட்ஸ். மனானா. அவள் விறகைக் கீழே வைத்துவிட்டு என்னை அணைத்துக்கொண்டாள். அவள் மேல் பால் வாசமும் புகை வாசமும் இருந்தன.

சுவரில் இருக்கிற அந்தக் கணப்புக்கு அவர்கள் பாஷையில் 'புகாரி' என்று பெயர். பெயரிலேயே புகை இருக்கிறதே என்று உமாவிடம் சொன்னேன். சமையலறையில் இருப்பது வேறு. இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு ஒரு குழாய். அதற்குப் பெயர் 'பேச்சி'. கேட்டதும் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் குலதெய்வம் பேச்சியம்மன். உமா அதை அவர்களுக்கு விளக்கியபோது மனானா அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் சாப்பாட்டை நினைத்து எனக்கு உள்ளூரக் கலக்கம். நாங்கள் சைவம். மலைநாட்டில் இறைச்சி இல்லாமல் எப்படி என்று பார்த்தால், அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நோன்பு. நம்மூர் நஸ்ராணிக் கிறிஸ்தவர்கள் இருபத்தைந்து நாள் நோன்பு எடுப்பதுபோல, மனானாவும் மீன், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடவில்லை. மண்சட்டியில் வேகவைத்த செம்பயறு மாதிரி, அதைவிடப் பெரிய பீன்ஸ் விதை, கீரையோடு வால்நட் அரைத்த உருண்டை, தணலில் மண் ஓட்டை வைத்துச் சுட்ட மக்காச்சோள அடை. பீன்ஸை வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லி! கூடவே வெந்தயம் மாதிரி ஒன்று. நாள் முழுக்க அந்த வாசத்தில் உட்கார்ந்து பில் போடுகிறவளுக்கு அது கடைக்கே திரும்பிப் போனதுபோல் இருந்தது. காட்டுப் பிளம்ஸில் ஒரு புளிப்புத் தொக்கு வைத்திருந்தாள். எங்கள் புளிக்கு அது தங்கச்சி முறை என்று சொல்லலாம்.

உபகாரம் செய்வதாக நினைத்து நான் செய்த காரியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலையில் மனானா பால் கறக்கப் போயிருந்தாள். புகாரி அணைந்து சாம்பலாகக் கிடந்தது. ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலைக்கு வருஷா வருஷம் தெருவோரம் செங்கல் கூட்டி, தென்னங்கொதும்பும் தேங்காய்ச் சிரட்டையும் வைத்துத் தீ மூட்டுகிறவள் நான், இது எனக்கு எம்மாத்திரம் என்று சுள்ளிகளை அடுக்கிப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. மொத்தமும் அறைக்குள் வந்தது. உமா இருமத் தொடங்கினாள். நீனோ ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள். புகை வெளியே போவதற்குள் குளிர் உள்ளே வந்துவிட்டது. பால் வாளியோடு வந்த மனானா என் கருத்த முகத்தைப் பார்த்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு, கதவுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். புகைக்கூண்டு ஆறிப்போனால் குளிர்ந்த காற்று அதற்குள் மூடிபோல் உட்கார்ந்துகொள்ளுமாம். முதலில் ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்துக் கூண்டின் வாய்க்குள் உயர்த்திப் பிடித்து, அந்தக் காற்றைக் கிளப்பிவிட வேண்டுமாம். அதன்பிறகு அது என் வேலையாயிற்று.

புகாரி விசுவாசமான அடுப்பு இல்லை. சூட்டில் பெரும்பங்கைக் கூண்டு வழியாக வானத்துக்குக் கொடுத்துவிடும். முன்னால் உட்கார்ந்தால் முகத்துக்கு மேடமாதக் கோடை வெயில், முதுகுக்கு மார்கழி. ஆனால் நாள் முழுக்க எரிந்துகொண்டிருந்தால் அந்தக் கல் சூடாகிவிடும். பிறகு அறை முழுவதும் ஒரு இதம். எரிப்பது பீச் என்கிற காட்டு மரம். நம் கொய்யா மாதிரி வழவழப்பான பட்டை. போன வருஷம் வெட்டி, பிளந்து, வராந்தாவுக்குக் கீழே அடுக்கிக் காயவைத்தது. மனானா வந்து வந்து விறகைச் செருகிவிட்டுப் போவாள். உமாவின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், இன்னொன்று செருகுவாள். எங்களுக்கு அது பழகிப்போயிற்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல.

கிறிஸ்துமஸ் வந்தது. நோன்பு முடிந்ததால் மேஜையில் பன்றி இறைச்சியும் வந்தது. எனக்கென்று தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு, பீன்ஸ் அடைத்த ரொட்டி செய்து வைத்திருந்தாள் மனானா. அந்தக் கரண்டியின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள், யாரும் தவறிப்போய் எடுத்துவிடாமலிருக்க. நான் அன்று எல்லோருக்கும் ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டு ஸாஸா, ஜீப் வைத்திருக்கும் பெரிய மீசைக்காரர், அதைக் கோப்பையில் ஊற்றிக் கையை உயர்த்தி ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டுக் குடித்தார். "இந்த சூப்பைக் கொடுத்தனுப்பிய நாட்டுக்கு" என்று முடித்தாராம். பிறகு அவருக்கு இருமல் நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அப்புறம் பனி விழத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கீழே போகும் ரோடு மூடிவிட்டது.

ஒரு மத்தியானம் தீக்கு முன்னால் உட்காரவைத்து உமாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, விறகு அடுக்கியிருக்கும் இடத்தில், மனானாவும் ஸாஸாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல் ஏதோ கடைச் சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உமா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அம்மா, மிண்டாதே."

கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கிசுகிசுப்பாக மொழிபெயர்த்தாள். ஸாஸா சொன்னது இது: "ஜனவரியே முடியவில்லை, நீ விறகின் பின்வரிசைக்கு வந்துவிட்டாய். வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் இந்த அறையைப் பூட்டிவிட்டு பேச்சியோடு போய்ப் படுத்துக்கொள்வாய். மார்ச்சில் எதை எரிப்பாய், வேலியையா?"

மனானா சொன்னாளாம்: "வேலி பழசுதான். மெதுவாகப் பேசு, அந்தப் பெண்ணுக்கு நம் பாஷை புரியும்."

உமாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குச் சீப்பு ஓடவில்லை. எதிரே தீ பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நீனோவைப் பிடித்து விசாரித்தேன். சுற்றி வளைத்துப் பார்த்தாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஒரு குடும்பம் ஒரு அறையைச் சூடாக்கத்தான் விறகு சேர்த்து வைப்பார்கள். புகாரி ஒரே நாளில் தின்பதை பேச்சி பல நாள் வைத்துத் தின்னும். அம்மாவும் மகளும் சமையலறை பெஞ்சில்தான் தூங்குகிறார்கள். இந்த நேரத்தில் காய்ந்த விறகை யாரும் விற்க மாட்டார்கள், ரோடு திறந்தாலும் பச்சை விறகுதான் கிடைக்கும், அது புகையத்தான் செய்யும்.

அன்று சாப்பிடும்போது, எங்களையும் பேச்சி அறைக்கே மாற்றிவிடுங்கள் என்று உமாவைச் சொல்லவைத்தேன். மனானாவின் முகம் இறுகிவிட்டது.

"உங்களுக்கு இங்கே குளிர்ந்ததா?"

"இல்லை."

"என் மகளின் சிநேகிதி என் முற்றத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அவளை வெங்காயம் தொங்குகிற அறையில் போட்டேன் என்று நான் ஊரில் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை அவளே வந்து புகாரியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விறகை அடுக்கினாள். அதுதான் பதில். அறை அனலாகக் காய்ந்தது. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கட்டை வெடிக்கும்போதும் இன்னும் எத்தனை மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அன்று முழுக்க எங்களிடம் அவள் பேசவில்லை. சாயங்காலம் நான் சமையலறைக்குப் போனேன். உமா இல்லாமல் பேச முடியாது என்பதால் போனில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தேன். இரண்டு அறைகளுக்கு நடுவே வராந்தாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மக்ளே, நான் சொல்லத அப்படியே சொல்லு. நம்ம ஊர்ல மேடமாசம் எப்படி இருக்கும்னு சொல்லு."

உமா சொன்னாள். ராத்திரியிலும் சுவர் சுடும், தலையணை நனையும், பேன் காற்று அனலாக வரும் என்றெல்லாம்.

"நம்ம வீட்ல ஏசி ஒத்த ரூம்லதான் உண்டும். அத சொல்லு. அந்த ரூம்ல நான், அப்பா, நீ, எல்லாரும் பாய விரிச்சுக் கெடப்போம். அத்தை குடும்பம் வந்தா அவங்களும் அங்கதான். கதவ அடைச்சு, கீழ உள்ள சந்து வழியா குளிர் போயிராம பழைய துண்டச் சொருகுவோம். விருந்தாளியா வந்தவங்க, வேண்டாம் நாங்க ஹால்லயே வேர்த்துட்டுக் கெடக்கோம்னு சொன்னா எனக்குச் சங்கடமா இருக்குமா இருக்காதா, கேளு."

உமா மொழிபெயர்த்து முடித்தபோது மனானா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து கதவருகே போனாள். கதவுக்கு அடியில் பழைய துண்டு ஒன்று சுருட்டிச் சொருகியிருந்தது. அதைக் காலால் தொட்டுக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அதேதான்.

"அந்த இயந்திரம் எதைத் தின்னும்?" என்று கேட்டாள்.

"கரண்ட்."

"நிறையவா?"

"பேய் மாதிரி."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னதை உமா போனுக்குள்ளிருந்து சொன்னாள்: "உங்க வீட்லயும் ஒரு பேச்சி உண்டுன்னு இப்பல்லா தெரியுது, இதை மொதல்லயே சொல்லப்படாதான்னு கேக்காங்க."

ஸாஸாவும் அவர் தம்பியும் வந்து, உமாவை நாற்காலியோடு தூக்கி வராந்தா வழியாகக் கொண்டுபோனார்கள். முன்னால் மனானா பனியில் சாம்பலைத் தூவிக்கொண்டே போனாள், அவர்கள் கால் வழுக்காமலிருக்க. பின்னால் நான் தலையணையோடு. புகாரி தானாக அணைந்தது.

அதற்குப் பிறகான வாரங்களைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். ஒரே அறை, நான்கு பெண்கள், ஒரு பூனை. தலைக்கு மேல் வெங்காயச் சரமும் காயப்போட்ட துணிகளும். பேச்சியின் முதுகில் எந்நேரமும் கெட்டில். ஒரு மூலையில் நீனோ எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வாள். உமா இன்னொரு மூலையில் படுத்துக்கொண்டு தப்பைத் திருத்துவாள். ஒருநாள் நான் மிளகாய் வத்தல் வறுத்து அரைத்துத் தீயல் குழம்பு வைத்தேன். அன்று மனானா கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போய் நின்று தும்மிவிட்டு வந்து, இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். அதை வைத்துக்கொண்டு புருஷன்மாரைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் நிறையப் பேசினோம்.

உமா முதன்முதலாக எழுந்து நின்றதும் அந்த அறையில்தான். டவுன் டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் நான், மறுபக்கம் மனானா. எழுந்துவிட்டாள். கால் நடுங்கியது, ஆனால் நின்றாள். மனானா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பேச்சியைப் பார்த்துக் கும்பிட்டேன். அடுப்பையா அம்மனையா என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரியில் ரோடு திறந்தது. ஸாஸா தன் ஜீப்பில் எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டார். வாசலில் மனானாவிடம் நான் பாடம் பண்ணி வைத்திருந்த நன்றி வார்த்தையைச் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்திவிட்டாள். ஜீப் முதல் வளைவு திரும்பியதும் உமா மூலமாக ஸாஸாவிடம் ஒரு காரியம் கேட்டேன். பனி கரைந்ததும் நல்ல பீச் மரமாகப் பார்த்து வெட்டச் சொல்லி, ஒரு லாரி விறகு அவள் வாசலில் இறக்க வேண்டும், பணம் நான் தருகிறேன் என்று.

"என்னைக் கொன்றுவிடுவாள்" என்றார் ஸாஸா.

"சொல்லாதீர்கள்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, சரி என்றார்.

உமாவைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். ஜூலையில் விடுமுறைக்கு அவளும் வந்தாள். ஒருநாள் கடையில் இருந்தோம். வெளியே ஆரியசாலை முழுக்க மழை, லோடு இறக்க முடியாமல் லாரிகள் நின்றிருந்தன. மனானா வீடியோவில் கூப்பிட்டாள்.

முதலில் உமாவை நடக்கச் சொன்னாள். மல்லிச் சாக்குகளுக்கு நடுவே உமா கல்லாவிலிருந்து வாசல்வரை நடந்து திரும்பி வந்தாள். லேசான ஒரு தாங்கல் மட்டும் இருந்தது. "இன்னொரு தடவை" என்றாள் மனானா. உமா மறுபடி நடந்தாள். மனானா முண்டாசு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு போனைத் திருப்பினாள். அவள் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் ஒரு மலை விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் வெளுத்த முகங்கள். பின்னால் தொலைவில் ஸாஸா, எங்கேயோ அவசரமாகப் போகிறவர்போல் நழுவிக்கொண்டிருந்தார். மனானாவின் முகம் திரும்ப வந்தது. தொடங்கினாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டி, என் பெயரை நடுநடுவே இழுத்து.

"என்ன மக்ளே சொல்லுதா?"

"அம்மா, இத நான் டிரான்ஸ்லேட் பண்ணமாட்டேன். பயங்கரமா ஏசுதாங்க."

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "ஆரு அது, இந்தப் போடு போடுகது?"

"சும்மா இருங்க" என்றேன். "நான் கேக்கணும்."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. போனின் ஒலியைக் கூட்டினேன்.